வெளிச்சம் கூடிய மலை

போடிநாயக்கனூர் மலையைப் படமெடுப்பது இன்று மிக எளிது. முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். எதில் வண்டியை ஓரங்கட்டினாலும் கைபேசி நிறைய மலை கிடைக்கும். கொழுக்குமலைக்கு ஜீப் ஓடுகிறது. மேகம் கீழே கிடக்க, சூரியன் மேலே எழும்பும் படம் அநேகமாக உறுதி. பிலிம் காலத்திலிருந்து கேமராவோடு இந்தச் சரிவுகளில் திரிபவன் என்ற முறையில் எனக்கு அந்த எளிமைதான் உறுத்துகிறது. செங்குத்து, இருட்டு, அட்டைக்கடி, பாதையில்லாமை என்று படமெடுப்பவனுக்குத் தடையாக இருந்தவையே மலைக்குக் காவலாகவும் இருந்தன. அந்தத் தடைகள் ஒவ்வொன்றாக விலகின. போடிமெட்டுச் சரிவின் அன்றைய, இன்றைய கதை அதுதான்.

தேயிலையோடு ஏறிய கேமரா

1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அந்தக் காலத்துக் கேமராக்காரர்கள் தேடியது கோபுரமும் அரண்மனையும். மேற்கு மலையின் காட்டுக்கு அப்போது அந்த மதிப்பு இல்லை. கேமரா இங்கே மலை ஏறியது தேயிலைக்காரர்களோடுதான்.

மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியை இழுத்தவை மாடுகள். 1908இல் அது இரண்டடி அகலக் குறுகிய ரயில் பாதை ஆனது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. அப்புறம் தூத்துக்குடி துறைமுகம், கப்பல், இங்கிலாந்து. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. அது மீண்டும் எழவே இல்லை.

அந்தக் காலத்துப் படங்களை மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ரயில் நடுவில் இருக்கும், பங்களா நடுவில் இருக்கும், துரைமார் நடுவில் இருப்பார்கள். மலை வெறும் பின்னணி. ஆனால் இன்று அந்தப் படங்களில் எனக்கு வேண்டியது அந்தப் பின்னணிதான். எந்த முகட்டில் புல்வெளி இருந்தது, எந்த மடிப்பில் சோலைக்காடு இறங்கியது, எந்தச் சரிவு அப்போதே மொட்டையடிக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் எடுத்தவர் கவனிக்காமலே பதிவாகியிருக்கின்றன. பழைய படம் ஒன்றின் மதிப்பு பெரும்பாலும் அதன் ஓரங்களில்தான் இருக்கிறது.

இன்று குரங்கணியிலிருந்து ஏறினால் கம்பிவடத்தின் நடு நிலையம் இருந்த ஊர் இன்னும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரோடு இருக்கிறது. மேலே டாப் ஸ்டேஷனில் தேநீர்க்கடைகளும் பார்வைமாடங்களும் வந்துவிட்டன. கேரளச் சாலை வழியாகவே போய்ச் சேர வேண்டியிருந்தாலும் அது தேனி மாவட்டத்து மண். சுற்றுலாப் பயணிகளில் பலருக்கு அது தெரியாது.

காட்டுக்குள் இருந்த இருட்டு

ஏலத்தோட்டம் மற்றத் தோட்டங்களைப் போன்றது அன்று. தேயிலைக்குக் காட்டை முழுதாக அழிக்க வேண்டும். ஏலச்செடியோ மழைக்காட்டின் அடித்தளத்தில் தானாக முளைத்து வாழ்ந்த செடி. நிழல் இல்லாமல் வாடிவிடும். அதனால் பழைய ஏலக்காரர்கள் பெரிய மரங்களை விட்டுவிட்டு அடியில் இருந்த புதரை மட்டும் களைந்து செடி வைத்தார்கள். பலாவும் நாவலும் அத்தியும் அப்படியே நின்றன. ஏலமலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

உள்ளே போய்ப் படமெடுப்பவனுக்கு அது பெரும் சோதனை. நூறு ஏ.எஸ்.ஏ. பிலிம் போட்டுக்கொண்டு நண்பகலில் ஏலக்காட்டுக்குள் நின்றால் ஒளிமானி கால் நொடி என்று காட்டும். சில இடங்களில் அரை நொடி. கையில் பிடித்து எடுத்தால் படம் கலங்கிவிடும். முக்காலியை ஊன்றி, காற்று அடங்கும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் அட்டை ஏறும். தட்டை முற்றி நிற்கும் ஏலச்செடி ஓர் ஆளை மறைக்கும் உயரம் வளர்வதால் குனிந்து காய் எடுக்கும் பெண்களின் முகம் பாதி நிழலில் மூழ்கிவிடும். ஒரு படம் தேறுவதே பெரிது.

இப்போது அதே தோட்டங்களில் பல இடங்களில் அதே நூறு வேகத்தை டிஜிட்டல் கேமராவில் வைத்தாலும் கையில் பிடித்தே எடுக்கலாம். ஷட்டர் வேகம் நொடியில் நூறில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. கேமரா முன்னேறிவிட்டதால் வந்த வசதி என்று சொல்லிவிட முடியாது. பிலிமின் வேகமும் கேமராவில் வைத்த வேகமும் அதே நூறுதான். கூடியது மேலிருந்து விழும் வெயில். மரக்கூரை மெலிந்துவிட்டது. ஒளிமானியை நான் இப்போது படத்துக்காக மட்டும் பார்ப்பதில்லை.

இதற்குக் காரணம் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது நியாயமல்ல. குவாதமாலா நாட்டில் 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் ஏலத்தை அறிமுகம் செய்தார். 1980களில் அந்த நாடு உலகச் சந்தையில் நம்மை முந்தியது. இங்கே அப்போது சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு நூறு கிலோகூட இல்லை. அந்த நிலையில் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி ரகம் 1990களில் மலையெங்கும் பரவியது. விளைச்சல் பல மடங்கு கூடியது. சிறு விவசாயிகள் பலர் வீடு கட்டியதும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அந்தச் செடியால்தான்.

ஆனால் அந்தச் செடி கேட்டதும் அதிகம். வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்று நிழல்மரங்களின் கொப்புகளை வெட்டினார்கள். கோடையில் தண்ணீர் வேண்டும் என்று சரிவைக் குடைந்து பிளாஸ்டிக் விரித்த குளங்கள் வெட்டினார்கள். உரமும் பூச்சிமருந்தும் தெளிக்கும் சுற்று கூடியது. காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகும் பக்கத்துக் காட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செடிகள் அழிந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாய்க்குப் போனது. அந்த விலையைக் கேட்டவர்கள் காலியாகக் கிடந்த இடத்திலெல்லாம் செடி வைத்தார்கள். சில ஆண்டுகளில் விலை ஆயிரத்துக்குக் கீழே வந்தது. 2024 கோடையில் மழை பொய்த்து, இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் தீய்ந்தன. மரநிழல் இருந்த இடத்தில் பலர் பச்சை வலையைக் கட்டினார்கள்.

அந்த வலையையும் தூரத்திலிருந்து எடுத்தால் படத்தில் பச்சையாகத்தான் விழும். இந்த மலையைப் படமெடுப்பவர்கள் முதலில் ஐயப்பட வேண்டியது பச்சை நிறத்தைத்தான். தேயிலையும் பச்சை, சவுக்கும் பச்சை, யூகலிப்டஸும் பச்சை. காட்டின் நலத்தை நிறத்தால் அளக்க முடியாது. நிழலின் அடர்த்தியால் ஓரளவு அளக்கலாம்.

சுமந்தவர்கள் எங்கே?

இயற்கைப் படம் என்றால் அதில் ஆள் இருக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. மின்கம்பியை ஒதுக்குவோம், குடிசையை ஒதுக்குவோம், சுமையோடு வருபவர் கடந்துபோகும்வரை பொறுத்திருந்து பொத்தானை அழுத்துவோம். போடி மலையில் இப்படி எடுத்த படம் பாதிப் பொய். இந்தச் சரிவு நூறாண்டுகளுக்கு மேலாக ஆட்கள் ஏறி இறங்கித் தேய்ந்த சரிவு. சமவெளியில் நிலமில்லாதவர்கள் மேலே அரிசி சுமந்துபோய், கீழே ஏலக்காய் மூட்டை சுமந்து வந்தார்கள். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு ஏறும் பாதையும் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறும் பாதையும் அப்படி உண்டானவை. அகமலைப் பக்கத்து ஊர்களுக்குச் சுமை இன்றும் குதிரையில் போகிறது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரை ஏறும்.

சுமை தூக்கிய பெரியவர் யாரிடமாவது இந்தப் பாதையின் படத்தைக் காட்டிப் பாருங்கள். மேகத்தை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். "இது சென்ட்ரல் ஸ்டேஷன் ஏத்தம்ல தம்பி? இந்தப் பாறையிலதான் மூட்டைய எறக்கி வெப்போம். இதுக்கு மேலதான் தண்ணி" என்பார். அவருக்கு அந்தப் படம் ஒரு முகவரி. நாம் அழகுக்காகச் சேர்த்த பாறையில் அவர் தோள்பட்டையின் நினைவு இருக்கிறது.

இந்த வாழ்க்கையைத் திரையில் வைத்த படம் லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளியான 'மேற்குத் தொடர்ச்சி மலை'. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். அதற்கு முன் 2010இல் வந்த 'மைனா' குரங்கணி மலையைத் தமிழகம் முழுதும் அறிய வைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே மலையை இருவிதமாகப் பார்க்கலாம் என்பது விளங்கும். 'மைனா'வில் மலை காதலுக்கு இடம் கொடுக்கிறது. லெனின் பாரதியின் படத்தில் மலை கூலி கேட்கிறது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்ற கனவோடு ஏலமூட்டை சுமந்தவன், கடைசியில் காற்றாலைக்குக் காவலாளியாக நிற்கிறான். மாறிவரும் ஒரு நிலத்தைப் படமெடுக்க நினைப்பவர்களுக்கு அந்தப் படம் நல்ல பாடம். நிலத்தின் மாற்றத்தை அது மரத்தில் தேடவில்லை; நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதில் தேடியது.

இன்று சுமைப்பாதைகளின் இடத்தை ஜீப்புகள் பிடித்துவிட்டன. விடியும் முன்னே போடியிலிருந்தும் தேவாரம், கம்பம் பக்கங்களிலிருந்தும் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் கேரளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். 1956இல் மொழிவாரி மாநில எல்லை வகுத்தபோதும் தோட்டம் ஒரு பக்கம், வேலையாள் ஒரு பக்கம் என்றே நின்றது. 2020இல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோதுதான் இந்தத் தினசரிப் பயணம் எவ்வளவு பெரியது என்று பலருக்கு உறைத்தது. மேலே எடுத்த காய் மறுபடி போடிக்குத்தான் வருகிறது. கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரிக்கிறார்கள். வாய்விட்டுக் கூவிய ஏலம் 2007 வாக்கில் கணினிக்கு மாறிவிட்டது. கொழுக்குமலைச் சூரியனை எடுக்கத் திரளும் கேமராக்களில் ஒன்றிரண்டு இந்தக் கிட்டங்கிப் பக்கம் திரும்பினால் மலையின் மறுபாதி கிடைக்கும்.

பாதை திறந்ததும் வந்தவை

போடிக்கு ரயில் வந்தது 1928இல். இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, 1950களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்திய மீட்டர்கேஜ் ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு அகலப்பாதை ரயிலாகத் திரும்பியது. சென்னையில் இரவு ஏறியவர் அடுத்த நாள் மலையில் இருக்கலாம். மூணாறு – போடிமெட்டுச் சாலையும் அகலமாகிவிட்டது. அந்த வேலை நடந்த காலத்தில் கேப் ரோடு பகுதியில் மலையே சரிந்ததை மறந்துவிடக் கூடாது. வெட்டிய சரிவின் சிவந்த மண் இன்னும் மூடவில்லை. அது யாருடைய சுற்றுலாப் படத்திலும் வருவதில்லை.

வழி எளிதானதும் கூட்டம் வந்தது. அதன் மிகக் கொடிய நாள் 2018 மார்ச் 11. குரங்கணி மலையில் நடைபயணம் வந்தவர்கள் காய்ந்த புற்சரிவில் காட்டுத்தீக்கு நடுவே சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். கோடையில் அந்தப் புல் எப்படிப் பற்றும் என்று முதுவாக்குடியில் இருக்கும் முதுவர் பழங்குடியினருக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. படங்களில் அந்தப் புல் பொன்னிறமாக இருக்கும். பொன்னிறம் என்றால் அது காய்ந்து தீக்குத் தயாராக நிற்கிறது என்பதைப் படம் சொல்லாது. அந்த விபத்துக்குப் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் இருக்கிறது; வழிகாட்டியோடும் அனுமதியோடும் போகலாம். மலையேறுபவர்கள் அதை மீறக் கூடாது. படமெடுப்பவர்கள் கண்டிப்பாக மீறக் கூடாது.

2018இல் கொழுக்குமலையிலும், 2022 அக்டோபரில் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையிலும் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைவிட்டு, மடியும் செடி. 2006இல் பூத்தபோதும் மக்கள் வந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் கையில் கைபேசிக் கேமரா இல்லாத கூட்டம் அது. 2022இல் பூ பூத்த செய்தி படமாகப் பரவிய வேகத்தில் மலை நிறைந்தது. செடிகள் மிதிபட்டன, பூங்கொத்துகள் பறிபட்டன, பிளாஸ்டிக் மிஞ்சியது. விதை விழும் முன் செடி மிதிபட்டால் அடுத்த சுற்றில் அங்கே பூ இருக்காது. படத்துக்காக வந்த கூட்டம் அடுத்த படத்தின் விதையையே மிதித்துவிட்டுப் போனது.

அரிக்கொம்பன் என்ற யானையின் கதையும் இந்தச் சரிவோடு சேர்ந்ததே. போடிமெட்டுக்கு அப்பால் சின்னக்கானலில் யானைகள் நடமாடிய புல்வெளிகளில் குடியிருப்பும் தோட்டமும் விடுதியும் வந்தன. 2023 ஏப்ரலில் அந்த யானையை அங்கிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் அது கம்பம் நகரத் தெருவுக்கு வந்தது. ஜூனில் மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். கம்பத்தில் அது ஓடிய காட்சிகளை நாடே பார்த்தது. அது எங்கிருந்து விரட்டப்பட்டதோ அந்தப் புல்வெளியின் பழைய படத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

பொட்டிபுரம் அம்பரப்பர் மலையையும் இங்கே சொல்ல வேண்டும். யாரும் நின்று பார்க்காத பாறைமலை அது. நியூட்ரினோ ஆய்வகத்துக்காக அதற்குள் சுரங்கம் குடையும் திட்டத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் செய்தித்தாள்களில் தினம் படமாக வந்தது. 2022இல் அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இழந்துவிடுவோமோ என்ற பயம் வந்த பிறகே ஒரு மலை நம் கண்ணில் படுகிறது.

அதே இடத்தில் நிற்பது

ஜெர்மானியக் கணித அறிஞர் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் 1880களின் இறுதியில் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளைக் குறித்த இடங்களிலிருந்து படமெடுக்கத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தால் பனி எவ்வளவு பின்வாங்கியது என்று அளக்கலாம் என்பது அவர் கணக்கு. இன்று உலகெங்கும் பனியாறும் காடும் பாலைவனமும் இப்படி அளக்கப்படுகின்றன. 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் இதே வேலையை வானிலிருந்து செய்கின்றன. நமக்குப் பக்கத்துப் பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான அந்தப் படங்களை ஒப்பிட்டவர்கள், இயற்கைப் புல்வெளியில் பாதிக்கும் மேல் போய்விட்டது, பெரும்பகுதி அயல் மரத்தோப்புகளாகிவிட்டது என்று காட்டினார்கள்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாதவை இருக்கின்றன. மரக்கூரைக்கு அடியில் என்ன நடக்கிறது, ஓடையில் தண்ணீர் எந்த மாதம் நிற்கிறது, சுமைப்பாதை எப்போது புதர் மூடியது என்பதெல்லாம் தரையில் நிற்பவன்தான் சொல்ல வேண்டும். மா. கிருஷ்ணன் (1912–1996) அப்படி நின்றவர். தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவில், கறுப்பு வெள்ளையில், காட்டு விலங்குகளை அவற்றின் இடத்தோடு சேர்த்து எடுத்தார். நம் மண்ணில் அயல் மரங்களை நட்டு நிரப்புவதை வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். மரத்தின் பெயர் தெரியாமல் விலங்கைப் படமெடுப்பதில் பொருளில்லை என்பதை அவருடைய எழுத்தைப் படிக்கும் யாரும் உணர்வார்கள்.

அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்கும் வழக்கம் என் வேலையையும் மாற்றியது. புதிய காட்சியைத் தேடி ஓடுவது குறைந்துவிட்டது. கொட்டகுடி ஆற்றின் ஒரு திருப்பம், புலியூத்து அருவிக்கு எதிர்ச்சரிவு, ஒரு பழைய ஸ்டோரின் பின்புறம் என்று சில இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறேன். கோடையில் ஒன்று, மழையில் ஒன்று. அழகாக வராத நாளிலும் எடுக்கிறேன். ஒரு படமாகப் பார்த்தால் அவற்றில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. வரிசையாக வைத்தால் ஒரு மரம் கொப்பிழந்து, பட்டு, இல்லாமல் போவது தெரியும். தோட்டக்காரர் நிழல்மரக் கன்று வைத்து, அது ஆளுயரம் வந்து நிற்பதும் தெரியும். கெட்டதைப் போலவே நல்லதையும் இந்த வரிசை மறைக்காது.

போடிக்காரர்களுக்கும் சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆல்பங்களில் மலையின் முன் நின்று எடுத்த படங்கள் கட்டாயம் இருக்கும். தோட்டத்துக் கல்யாணம், குரங்கணிப் பயணம், ஸ்டோர் வாசலில் அப்பா, மெட்டுச் சாலையில் பழைய பஸ் என்று ஏதோ ஒன்று. முகங்களுக்குப் பின்னால் இருக்கும் சரிவைப் பாருங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் ஆண்டையும் இடத்தையும் எழுதிவையுங்கள். இடம் நினைவில்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க ஆளில்லை. முடிந்தால் அதே இடத்துக்குப் போய், அதே பக்கம் திரும்பி, கைபேசியில் ஒரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்துவையுங்கள். கொழுக்குமலையில் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அப்போது மலை எப்படி இருந்தது, எப்படி ஆனது என்று வாதாட நம் கையில் சான்று வேண்டும்.